புது ஃபிளாட்டா, பழைய ஃபிளாட்டா, மனை வாங்கிக் கட்டுவதா? முதல் வீட்டுக்கு ஒரு கணக்கு

என் சித்தி மகன் மேற்குத் தாம்பரத்தில் 14,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறான். புருஷன் பொண்டாட்டி இருவருக்கும் வேலை. ஆறு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 18 லட்சம் சேர்த்திருந்தார்கள். போன தை மாதம் வீட்டுக்கு வந்தவன், “அக்கா, 60 லட்சம் வரைக்கும் போகலாம்னு இருக்கோம். புது ஃபிளாட், ரீசேல், மனை வாங்கிக் கட்டுறது, மூணுல எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லு” என்றான்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. நாங்கள் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை வாங்கிக் கட்டியவர்கள். என் நாத்தனார் ஃபிளாட் புக் செய்துவிட்டு ஒன்றே முக்கால் வருடம் கூடுதலாகக் காத்திருந்தவர். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: மூன்று வழியிலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்து நிற்கிறது. அந்தக் காசை எப்போது, யார் கையிலிருந்து கேட்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால் வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்னால் கைக்காசை எண்ணச் சொன்னேன்.

## எதை வைத்து எடை போடுவது

கைக்காசு. எல்லோரும் விலையைப் பார்க்கிறார்கள், நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் வங்கி தரலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. அதை முழுக்க நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். 60 லட்சம் வீட்டுக்கு 12 லட்சம் இருந்தால் போதும் என்று கிளம்புகிறவர்கள் பத்திரப்பதிவுக்கு முந்தைய வாரம் நகையை எடுத்துக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

மண். கட்டடம் வருடத்துக்கு வருடம் தேயும், விலை ஏறுவது அடியில் இருக்கும் நிலத்துக்கு. ஃபிளாட்டில் அது யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. அதே ஆயிரம் சதுர அடி ஃபிளாட்தான். மூன்று மாடிக் கட்டடத்தில் 500 சதுர அடி நிலப் பங்கு இருக்கும், பதினைந்து மாடி டவரில் அதில் பாதிகூட இருக்காது.

பத்திரம். நேற்று வரை இது யாருடையது, அவர் கைக்கு எப்படி வந்தது என்ற சங்கிலி.

குடியேறும் நாள். வாடகையும் வங்கி வட்டியும் சேர்ந்து எத்தனை மாதம் போகும்?

தண்ணீர். டிசம்பரில் எவ்வளவு நிற்கும், மே மாதத்தில் எவ்வளவு வரும், இரண்டும்தான். 2015 வெள்ளத்தையும், 2019-ல் குடத்தோடு லாரிக்காக நின்றதையும், 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தம்பிக்காக ஒரு நோட்டில் போட்ட கணக்கு கீழே. 60 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொண்ட உத்தேசக் கணக்குதான், உங்கள் இடத்துக்கு ஏற்ப மாறும்.

| | புது ஃபிளாட் (கட்டுமானத்தில்) | பழைய ஃபிளாட் | மனை + கட்டுமானம் |
|---|---|---|---|
| விலை | 60 லட்சம் | 60 லட்சம் | மனை 30 + கட்ட 24 + சில்லறை வேலை 5 |
| முத்திரை, பதிவு | 7% = 4.2 லட்சம் | 9% = 5.4 லட்சம் | மனைக்கு மட்டும் 9% = 2.7 லட்சம் |
| ஜி.எஸ்.டி. | 5% = 3 லட்சம் | இல்லை | தனியாக இல்லை, பொருள் விலையிலேயே போய்விடும் |
| தரகு | பெரும்பாலும் இல்லை | 1% என்றால் 60,000 | மனைக்கு உண்டு |
| கைக்காசு | சுமார் 19 லட்சம் | 18 முதல் 24 லட்சம் | 21 லட்சம் வரை, ஆனால் இரண்டு வருடத்தில் பிரித்து |
| குடியேற | 2 – 3 வருடம் | 2 – 3 மாதம் | 1 – 2 வருடம் |
| நிலம் | பங்கு | பங்கு, பழைய சிறு கட்டடத்தில் கூடுதல் | முழுக்க உங்களுடையது |

## கட்டிக்கொண்டிருக்கும் புது ஃபிளாட்

2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டை முதல் முறை விற்கும்போது நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிவு செய்கிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7. பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. ஆக 50 லட்சத்தை ஒட்டிய விலை என்றால் கொஞ்சம் பேரம் பேசிப் பார்க்கலாம், ஒரு சதவீதம் மிச்சம்.

ஜி.எஸ்.டி. 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா (வீட்டுச் சுவர்களுக்குள் உள்ள தரைப்பரப்பு) சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள் இருந்தால் 1 சதவீதம் மட்டும். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. “ரெடி டு மூவ்” என்று விளம்பரம் பார்த்தால் அந்தச் சான்றை முதலில் கேளுங்கள். சாவி ரெடியாக இருப்பது வேறு, சான்று ரெடியாக இருப்பது வேறு.

அப்புறம் “ஆயிரம் சதுர அடி” என்ற பேச்சு. லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. கால் வைத்து நடக்கும் இடம் 700-ஐ ஒட்டித்தான் வரும். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்பெட் ஏரியாவைச் சொல்லியாக வேண்டும், ஒப்பந்தத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேல் என்றால் ரெரா பதிவு கட்டாயம். வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் போட வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். என் நாத்தனாருக்கு விற்பனைப் பையன் சொன்ன தேதி தீபாவளி. ரெரா தளத்தில் அதே திட்டத்துக்குப் பதிந்திருந்த தேதி அதிலிருந்து ஒன்றரை வருடம் தள்ளி இருந்தது. பணம் கட்டிய பிறகுதான் அதைப் பார்த்தார். சாவி கைக்கு வந்தது அந்தத் தேதியும் தாண்டி மூன்று மாதம் கழித்து.

அந்தத் தாமதத்தின் விலையைப் போட்டுப் பாருங்கள். 48 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, வங்கி முழுப் பணத்தையும் விடுவித்துவிட்டது என்றால் மாதம் வட்டி மட்டும் 34,000. வாடகை 14,000. ஒரு வருடம் தள்ளிப் போனால் 5.76 லட்சம், அதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. பிரீ-இ.எம்.ஐ. என்று வங்கிக்காரர் இனிமையாகச் சொல்லும் சொல்லுக்குப் பொருள் இதுதான்.

கார் நிறுத்துமிடம், பராமரிப்பு வைப்புத் தொகை, மின் இணைப்பு, “கிளப் ஹவுஸ்” என்று கடைசியில் ஒரு பட்டியல் வரும். புக் செய்யும் அன்றே முழுத் தொகையையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். எந்த வங்கி கடன் தரச் சம்மதித்திருக்கிறது என்பதைச் சான்றிதழ் மாதிரிக் காட்டுவார்கள். வங்கி பார்ப்பது தன் கடனுக்கான பாதுகாப்பை. உங்கள் வக்கீலுக்கான வேலை அப்படியே இருக்கிறது.

வாடகை குறைவாக இருப்பவர்கள், அப்பா அம்மா வீட்டிலேயே இருப்பவர்கள், மூன்று வருடத்தில் சம்பளம் ஏறும் என்று நம்பிக்கை உள்ளவர்கள், இவர்களுக்கு இது ஒத்துவரும். இப்போதே குழந்தையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது.

## கை மாறும் பழைய ஃபிளாட்

இதில் பெரிய நிம்மதி, வாங்கப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது நிம்மதி, வாடகையை உடனே நிறுத்தலாம்.

மறைந்திருக்கும் செலவு வங்கியின் மதிப்பீட்டில் இருக்கிறது. விற்பவர் 60 லட்சம் சொல்வார், வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு 52 என்று எழுதுவார். 80 சதவீதம் 52-க்குத்தான், அதாவது 41.6 லட்சம். மிச்சம் 18.4 லட்சமும், 9 சதவீதப் பதிவுச் செலவும், தரகும் சேர்த்தால் 24.4 லட்சம் கைக்காசு. அதன்பிறகு பெயின்ட், குளியலறை, மின்கம்பி. கட்டடம் ரொம்பப் பழையது என்றால் கடன் ஆண்டுகளையும் குறைப்பார்கள், மாதத் தவணை ஏறும்.

“ஒயிட்ல 40 போட்டுக்கலாம், மீதி கையில கொடுத்துடுங்க” என்ற பேச்சு இங்கேதான் அதிகம் வரும். பத்திரத்தில் 40 என்றால் வங்கியும் 40-ஐத்தான் பார்க்கும், கைக்காசு இன்னும் ஏறும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 40 என்றுதான் வரித்துறை எடுக்கும். சொத்து வாங்க 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாற்ற வருமான வரிச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை, அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

தம்பியோடு நான் எட்டு வீடு பார்த்தேன். ஹாலில் எல்லோரும் நின்று வெளிச்சத்தைப் பாராட்டிக்கொண்டிருப்பார்கள், நான் நேராகக் குளியலறைக்குப் போய்விடுவேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீடு, புதுப் பெயின்ட் வாசனை தெருவரை அடித்தது. குளியலறைக் குழாயின் வாயில் மட்டும் வெள்ளையாக உப்பு, நகத்தால் சுரண்டினால் பொருக்கு வந்தது. கீசரின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஒழுகியிருந்தது. மேல் மாடிக் கழிவறையின் கசிவு இந்த வீட்டுக் கூரையில் வட்டமாகத் தெரிந்தது, அதன் மேல்தான் அந்தப் புதுப் பெயின்ட். படியிறங்கும்போது கீழ் வீட்டு அம்மாவிடம், “போர் தண்ணி எப்படிம்மா?” என்று கேட்டேன். “சமையலுக்கு கேன், துணிக்கு லாரி” என்றார். அந்த இரண்டு வார்த்தை எந்த வக்கீலும் எழுதித் தராத கருத்துரை.

கேட்க வேண்டியவை இன்னும் சில. சங்கத்தில் பராமரிப்புப் பாக்கி உண்டா, சொத்து வரியும் மின் இணைப்பும் விற்பவர் பெயரில்தான் இருக்கின்றனவா, அங்கீகரித்த வரைபடத்தில் இந்த வீடு இருக்கிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி நான்காவதைக் கட்டிய கட்டடங்கள் நம் புறநகரில் குறைவில்லை. அந்த நான்காவது மாடி வீடுதான் விலை மலிவாக உங்கள் கண்ணில் படும்.

முப்பது வருடக் கட்டடத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். தமிழ்நாடு அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் சட்டம், 2022, கடந்த 2024-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட முடியும். நிலப் பங்கு பெரிதாக இருக்கும் பழைய சிறு கட்டடத்தில் இது ஒரு நல்ல சீட்டு. ஆனால் அந்தக் கட்டடத்து வீட்டுக்காரர்கள் எப்போது ஒரே மேசைக்கு வருவார்கள் என்பதை யாரும் சொல்ல முடியாது.

கைக்காசு கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்கள், வாடகையால் நசுங்குபவர்கள், வேலை, பள்ளி, பெற்றோர் என்று இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டவர்கள், இவர்களுக்கு நான் ரீசேல்தான் சொல்வேன்.

## மனை வாங்கி வீடு கட்டுவது

இதில் காசைவிட ஆள் முக்கியம். தினமும் காலையும் மாலையும் போய் நிற்க வீட்டில் ஒருவர் வேண்டும். எங்களுக்கு மாமனார் நின்றார். தளம் போட்ட மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது, சுவருக்குச் சாக்கு போட்டு நனைத்தது எல்லாம் அவர்தான். அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தபோது வெயிலில் காய்ந்த பூச்சுச் சுவரில் தலைமுடி மாதிரி ஓடிய விரிசல் இன்றைக்கும் எங்கள் படுக்கையறையில் இருக்கிறது.

சதுர அடிக்கு இத்தனை என்று மேஸ்திரி சொல்லும் விலையில் எது சேர்த்தி, எது சேர்த்தி இல்லை என்பதில்தான் எல்லாச் சண்டையும். காம்பவுண்ட் சுவர், சம்ப், செப்டிக் டேங்க், போர், கேட், மனையை மேடாக்க மண் அடிப்பது, இவை பெரும்பாலும் வெளியே. எங்களுக்கு மண் அடிக்க மட்டும் யாரும் சொல்லாத ஒன்றரை லட்சம் போனது. கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பின் யூனிட் விலையும் வீட்டு விலையைவிடக் கூடுதல். கம்பி, சிமென்ட் எந்த பிராண்ட், டைல்ஸ் சதுர அடி எத்தனை ரூபாய் வரை, கதவு என்ன மரம் என்று எழுதாமல் அட்வான்ஸ் கொடுத்தால், நிலைவாசல் வைக்கும் நாளில் புது விலை கேட்கும்.

வங்கி இங்கே முன்கூட்டித் தராது. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று ஒவ்வொரு கட்டம் முடிந்து, பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே அடுத்த தவணை வரும். இடையில் உள்ள மூன்று வாரம் கொத்தனார், சித்தாள் சம்பளம் உங்கள் பையிலிருந்து. மனைக்கு மட்டும் கடன் என்றால் வீட்டைவிடக் குறைவான சதவீதம்தான் கிடைக்கும். மனையும் கட்டுமானமும் சேர்ந்த கடனாகக் கேட்பது நல்லது.

மனையில் ஒரே ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம்: சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம். “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று விற்பார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் கிடையாது. அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன்பின் 20.10.2016 வரை விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த வழி வந்தது. அந்த வகை மனை என்றால் வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்டச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. எங்கள் காலத்தில் அதற்காக நான்கு மாதம் அலைந்தோம், அந்தப் பொறாமை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற அப்பாவோ மாமனாரோ பக்கத்தில் இருப்பவர்கள், இரண்டு வருடம் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்பவர்கள், பின்னால் மாடி எடுத்து வாடகைக்கு விட நினைப்பவர்கள் இதைச் செய்யலாம். இருவரும் ஒன்பதரை மணி ரயிலைப் பிடிப்பவர்கள் என்றால் வேண்டாம்.

## மூன்றுக்கும் பொதுவான தாள்கள்

வில்லங்கச் சான்றை (ஈ.சி.) பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம், குறைந்தது முப்பது வருடத்துக்குப் பாருங்கள். ஆனால் ஈ.சி. சுத்தமாக இருப்பதால் எல்லாம் சுத்தம் என்று ஆகாது. பதிவு செய்யாத ஒப்பந்தமோ, உயிலோ, குடும்பத்துக்குள் இருக்கும் பாகத் தகராறோ அதில் தெரியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாக வக்கீலிடம் கொடுத்துக் கருத்துரை வாங்க ஆகும் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். வக்கீல் நீங்கள் பிடித்தவராக இருக்கட்டும், தரகர் கூட்டி வந்தவர் வேண்டாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, நிலம் நத்தமா, புறம்போக்கா, கோயில் நிலமா என்பதையும் அவரே பார்ப்பார்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதத்தை டி.டி.எஸ். ஆகப் பிடித்து வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருக்கு. இது கூடுதல் செலவு இல்லை, விலையிலிருந்து கழிவது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு, ஆடிட்டரைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வரி மிச்சமாகும் என்பதற்காக வீடு வாங்கும் பழக்கமும் இனி வேண்டாம். புதிய வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

## தம்பி எடுத்த முடிவு

18 லட்சத்தை நோட்டில் எழுதியதும் 60 லட்சம் என்ற பேச்சே அடங்கிவிட்டது. பழைய ஃபிளாட், 52 லட்சத்துக்குள் என்று இறங்கினான். சேலையூரில் பத்து வருடக் கட்டடம், இரண்டாவது மாடி, தரகர் இல்லாமல் தெரிந்தவர் மூலமாக வந்தது. வங்கி மதிப்பு 50 லட்சம், கடன் 40. கையிலிருந்து 12, பதிவுக்கு 4.68. ஒரு லட்சத்துச் சொச்சம் மிஞ்சுகிறது, பால் காய்ச்சவும் சாமான் ஏற்றவும்.

ஃபிளாட் அந்த வீட்டுப் பெரியவர் பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் மனைவியும் மகனும் விற்க வந்திருந்தார்கள். வாரிசுச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு பெயர், மகள். “அவளுக்கு கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு, கையெழுத்தெல்லாம் வேண்டியதில்லை” என்றார் அந்த அம்மா. செய்த சீருக்கும் பங்கு உரிமைக்கும் சம்பந்தமில்லை. மகளும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் அட்வான்ஸ்கூடக் கிடையாது என்று தம்பி மனைவிதான் சொன்னாள். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. நாங்கள் வேறு வீடு பார்க்கவே ஆரம்பித்துவிட்டோம். அப்புறம் அந்த மகளே போன் செய்தார்.

ஆடி போகட்டும், ஆவணியில் பத்திரம் என்று முடிவாகியிருக்கிறது. அவர் திருச்சியிலிருந்து வர வேண்டும். போக வர ரயில் டிக்கெட்டைத் தம்பியே எடுத்து அனுப்பிவிட்டான், அதையும் என் நோட்டில் செலவுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.